பூஜ்யம் கிலோமீட்டர் மலையேற்றம்

மனித குலம் மலைகளை இரண்டு விதமாக வென்றிருக்கிறது: காலால் ஒன்று, கோப்பால் ஒன்று. முதல் வகைக்கு மூச்சு வாங்கும். இரண்டாவதற்கு முத்திரை போதும். இந்த மேலான இரண்டாம் வகையில் உலகுக்கே முன்னோடி, எடை அளவு சரிபார்ப்பு அலுவலகம். கடைக்காரரின் தராசில் குன்றிமணி எடை குறைந்தாலும் பிடித்துவிடும் அலுவலகம் அது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்கள் உண்டு; மலையையே எலியாக்கியவர்கள் இவர்கள்தான்.

அங்கே தபால் பிரிவில் இருந்த எழுத்தரைப் பெரியவர் சிறியவர் எல்லோரும் தபால் அக்கா என்றே அழைத்தார்கள். பதினோரு வருடமாக உறைக்குப் பசை தடவி முத்திரை குத்துகிற வேலை. மேசைக்கு எதிரே ஜன்னல். ஜன்னல் முழுக்க மலை. ஒருநாள் அதன் உச்சியில் நின்று இந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்குத் தீராத ஆசை. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்தால் வனத்துறை மலைக்குள் விடாது. கணவரைக் கூப்பிட்டால், "மலை எங்க ஓடிப்போகப் போகுது? அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். மலை அங்கேயே இருந்தது. அப்புறம்தான் வரவே இல்லை.

ஆகவே, 'ஊழியர் ஒற்றுமையை மேம்படுத்தும்பொருட்டு' ஒருநாள் மலையேற்றம் என்று சுற்றறிக்கை வந்தபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புது ஷூ வாங்கினார். ஒரு மாதம் லிஃப்டைத் தொடாமல் நாலு மாடியையும் ஏறி இறங்கினார்.

திட்டமிடல் குழு ஐந்து முறை கூடியது. முதல் மூன்று கூட்டங்கள், பேனரில் மேலாளரின் தலை மலையை விடப் பெரிதாக இருக்கலாமா என்பதை ஆராய்ந்தன. இருக்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. நான்காவது, தொப்பியின் நிறம். ஐந்தாவதில்தான் அக்காவுக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது. வனத்துறை கொடுத்த தாளை விரித்தார்.

"பாறையும் சரிவுமா பதினாலு கிலோமீட்டர் சுத்துப்பாதை சார். சில இடத்துல கையை ஊணித்தான் ஏறணும். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி வேணும்."

கூட்டம் வெலவெலத்துப் போயிற்று. மேலாளர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் மூத்த அளவையாளர், எல்லோராலும் தராசு சார் என்று போற்றப்படுபவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கேர்ந்து ஏறுறோம்?"

"அடிவாரத்து கேட்டுலேர்ந்து சார்."

"எங்க வந்து இறங்குறோம்?"

"அதே கேட்டுலதான். சுத்துப்பாதையாச்சே."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

"நடந்து பாத்தா தெரியும் சார்."

"நடக்கறது உங்க சொந்த விஷயம்மா. அளவுன்னா முனைக்கு முனை. நம்ம கையேட்டுல முதல் பக்கமே அதான். முனை ரெண்டும் ஒண்ணுன்னா தூரம் பூஜ்யம்."

மேலாளரின் முகம் தாமரையாக மலர்ந்தது. "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. பூஜ்யத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று தண்ணீர் நீக்கப்பட்டது. முதலுதவிப் பெட்டியும் போயிற்று. பேனர் மட்டும் நிலைத்தது. 'மலை: எளிது' என்று எழுதிய கோப்பில் முத்திரை குத்தும் பொறுப்பு தபால் பிரிவுக்கு வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்றே என்று அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் முத்திரையை நேராகத்தான் குத்தினார்.

சனிக்கிழமை காலை இருபத்திரண்டு பேரும் பஸ்ஸில் போய் மலையடிவார கேட்டில் இறங்கினார்கள். மேலாளர் பதிவேட்டை வாங்கி, 'உள்ளே சென்ற நேரம்', 'வெளியே வந்த நேரம்' இரண்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்திட்டார்.

வனக்காவலர் பதறினார். "சார், நீங்க இன்னும் உள்ளயே போகலையே!"

"புறப்பட வேண்டிய இடம் இதுதானே?"

"ஆமா சார்."

"வந்து சேர வேண்டிய இடம்?"

"இதுதான் சார்."

"நாங்க எங்க நிக்கறோம்?"

காவலர் இருபத்திரண்டு ஜோடிக் கால்களையும் பார்த்தார். குறை சொல்ல ஏதும் இல்லை. பேனர் விரிந்தது, படம் எடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். மொத்தம் நாலு நிமிடம்.

"சார், வந்தது வந்தோம், ஒரு அரை மணி நேரமாவது ஏறிப் பாக்கலாமே" என்று அக்கா கெஞ்சினார்.

"முடிச்ச வேலையை மறுபடி செய்யறது நேர விரயம் அக்கா. பஸ்ல ஏறுங்க" என்றார் மேலாளர்.

அக்கா ஏறவில்லை. பக்கத்தில் நர்ஸுகள் கூட்டம் ஒன்று தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பதுதான் வந்தது.

"அக்கா, நீங்க வர்றீங்களா? ஒரு ஆள் குறையுதுன்னு இந்தக் காவலர் விடமாட்டேங்கறாரு."

"வர்றேன்" என்றார் அக்கா. வீட்டிலிருந்தே மூன்று லிட்டர் கொண்டுவந்திருந்தார்.

பூஜ்யம் கிலோமீட்டரைக் கடக்க அவருக்குப் பத்து மணி நேரம் ஆயிற்று. இரண்டு முழங்காலும் சிராய்த்தன. ஒரு பாறையில் தவழ்ந்தார். இன்னொன்றில் கடவுளைக் கூப்பிட்டார். உச்சியில் நின்று தேடினால் ஜன்னலும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஊரே கைப்பிடிப் பொரி இறைந்த மாதிரி கிடந்தது. பதினோரு வருடமாக இதற்குள்ளா உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை, மற்ற இருபத்தொரு பேருக்கும் 'சிகரம் தொட்ட சாதனையாளர்' சான்றிதழ் வழங்கப்பட்டது. தபால் அக்காவின் மேசையில் ஒரு குறிப்பாணை கிடந்தது:

"கடந்த சனிக்கிழமை அலுவலகத்தார் அனைவரும் மலையேற்றத்தை வெற்றிகரமாக நிறைவேற்றிய வேளையில், தாங்கள் மட்டும் அனுமதியின்றிக் குழுவை விட்டு விலகி மாலைவரை காணாமற்போனது ஏன்? எங்கே இருந்தீர்கள்? உடனடியாக எழுத்துமூலம் விளக்கவும்."

அக்கா பேனாவைத் திறந்தார்.

"ஐயா, மலையில் இருந்தேன். பதினான்கு கிலோமீட்டரும் தேடினேன். தங்களில் ஒருவரையும் காணோம்."