பிள்ளை நடந்தால் விருந்து நடக்கும்

அக்டோபர் முதல் தேதி காலையில், தேநீர் ஆறுவதற்குள், ஒராஸ்பெக் ஒரு சட்டம் போட்டார். எழுந்து நின்றுதான் போட்டார். உட்கார்ந்தபடி அவர் சொன்ன எதையும் அந்த வீட்டில் இதுவரை யாரும் மதித்ததில்லை.

"பையனோட முதல் பிறந்தநாளுக்கு மொத்தச் செலவு நாப்பதாயிரம் தெங்கே. ஒரு கேக். பன்னெண்டு பேர். டீ. மண்டபம் கிடையாது, பாட்டுக்காரன் கிடையாது, குதிரைக்கறி கிடையாது."

மனைவி ஷோல்பான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"கேக் எத்தனை அடுக்கு?"

"ஒரே அடுக்கு. கேக்குக்கு எதுக்கு மாடி? யாரு குடியிருக்கப் போறா?"

"மெழுகுவர்த்தி?"

"போன வருஷம் பாப்பாவுக்கு ஏத்துனது அஞ்சு இருக்கு. அதுல ஒண்ணு போதும்."

"அது பாதி எரிஞ்சிருக்கே."

"மீதி பாதி இருக்குல்ல."

தராஸ் நகரத்தின் ஓரத்தில் அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டத்தின் துணிச்சல் புரியும். பிள்ளைக்கு ஒரு வயது ஆனால் அங்கே ஊரையே கூட்டுவார்கள். எதிர்வீட்டு கம்ஷாத் தன் பையனுக்கு இருநூறு பேரை அழைத்தாள். வாசலில் ஒட்டகத்தை நிறுத்தி அதற்கும் ரிப்பன் கட்டினாள். அந்த ஒட்டகம் நம்ம ஒராஸ்பெக்கின் தொப்பியை மென்றுவிட்டது, அது வேறு கதை. அவர் மின்சார இலாகாவில் மீட்டர் பார்க்கிறவர். ஊரில் எந்த வீட்டில் எவ்வளவு எரிகிறது என்று கணக்கு வைத்திருந்தார். தன் வீட்டில் எரிந்தது வயிறு மட்டும்தான்.

எரியாமல் என்ன செய்யும்? ஆறு குளிர்காலமாக விடியுமுன் எழுந்து நிலக்கரி அள்ளுகிறவர் அவர். இருமினால் கைக்குட்டை கறுப்பாகும். இந்த வசந்தத்தில் தெருவுக்குக் காஸ் குழாய் வந்துவிட்டது. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குள் இழுக்க நாலரை லட்சம் தெங்கே. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கட்டவில்லை என்றால் அடுத்த வருஷம்தான். இன்னொரு குளிர்காலம் அள்ள முடியாதென்று அவர் முதுகு தீர்மானமாகச் சொல்லிவிட்டது.

நாலு லட்சத்துக்குமேல் சேர்த்துவிட்டார். குறைகிறது கொஞ்சம்தான், இருபத்தொன்பதாம் தேதி சம்பளம் வந்தால் சரியாகிவிடும். பணம் இருந்த இடம் அலமாரியின் உச்சியில், ஒட்டகத்துக்குத் தப்பிய நரித்தோல் தொப்பிக்குள். மனைவிக்குத் தெரியாது. அப்படி அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷமா இந்தத் தெருவுல எல்லா வீட்டு விருந்துலயும் சாப்பிட்டிருக்கேன்," என்றாள் ஷோல்பான். "என் வீட்டுல ஒருத்தர் கை நனைக்கல. பாப்பாவுக்கு ஒரு வயசானப்போ கையில காசில்லன்னீங்க, சரின்னேன். இப்ப பையன். கால்கயிறு வெட்டு இல்லாம ஒரு பையனை வளர்த்தாங்கன்னு பேர் வேணுமா நமக்கு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஒராஸ்பெக் புன்னகை செய்தார். அங்கே வழக்கம் அதுதான். பிள்ளையின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிற்றால் கட்டுவார்கள், சுறுசுறுப்பான ஒருவர் வந்து கத்தரிப்பார், பிள்ளை தடையில்லாமல் ஓடும். விருந்தின் சாக்கே அதுதான்.

"வழக்கத்தை நான் மீறுவேனா? வழக்கம் என்ன சொல்லுது? நடக்கிற பிள்ளைக்குத்தான் கயிறு. பெகாரிஸ் நடக்கிறானா?"

ஷோல்பான் பையனைப் பார்த்தாள். பையன் ரொட்டியைப் பார்த்தான்.

"இன்னும் இல்லீங்க."

"அவ்வளவுதான் விஷயம். பையன் நடந்தா விருந்து நடக்கும். பையன் நடக்கலைன்னா விருந்து நடக்காது."

"வார்த்தை மாறமாட்டீங்களே?"

"நான் மீட்டர் பாக்கிறவன். ஒரு யூனிட்கூட மாத்தி எழுதினதில்ல."

ஷோல்பான் தலையை ஆட்டிவிட்டு வெண்ணெயை மூடிவைத்தாள். எட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதே இல்லை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா? இல்லை. மீட்டரைப் பார்க்கிற கண் வேறு, மனைவியைப் பார்க்கிற கண் வேறு.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கை கழுவுகிறாரோ இல்லையோ, பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். தூங்கப் போகும்வரை இறக்கமாட்டார். சாப்பிடும்போது மடி, செய்தி பார்க்கும்போது தோள், தோட்டத்துக்குப் போனால் முதுகு. கால் தரையில் பட்டால்தானே நடை? ஒரு மாசம் தாக்குப்பிடித்தால் காஸ் வந்துவிடும், தொப்பி காலியாகிவிடும், அப்புறம் பையன் நடக்கட்டும், ஓடட்டும், பறக்கட்டும். காலி தொப்பியை வைத்து யார் விருந்து போடுவது?

கம்ஷாத் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, பிள்ளையைக் கீழயே விடமாட்டீங்க போலிருக்கே."

"பாசம், கம்ஷாத். உள்ளுக்குள்ள பொங்குது."

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் பொங்கலியே."

"அதுக்கெல்லாம் மனசு வேணும்."

"முதுகும் வேணும் போல," என்றாள் கம்ஷாத், வாயைத் தலைத்துணி நுனியால் மூடிக்கொண்டு. அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. எதற்கென்று தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டிய விஷயங்கள் இன்னும் இருந்தன. தவழ்கிற பிள்ளைக்கு முழங்கால் அழுக்காகும். பெகாரிஸின் காற்சட்டை முழங்காலில் பளிச்சென்று இருந்தது. ஒராஸ்பெக் அதை ஷோல்பானின் துவைப்புத் திறமை என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாள் மகள் அக்போதா சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்தாள்.

"அப்பா, தம்பி இன்னிக்கு வாத்தைத் துரத்துனான்."

"எப்படிம்மா? தவழ்ந்துக்கிட்டா?"

அக்போதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் வாயில் ஒரு பௌர்சாக்கைத் திணித்தாள். அன்றுதான் பொரித்த மாவுருண்டை, பெரியது.

"கண்ணால துரத்துனான்," என்றாள் ஷோல்பான். "உங்க பையன்ல. உங்களை மாதிரியே முறைக்கிறான்."

ஒராஸ்பெக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் ஒரு ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் அந்த ஊரில் "சுயின்ஷி, சுயின்ஷி" என்று கத்திக்கொண்டே வருவார்கள். கேட்கிறவர் "கேட்டதை எடுத்துக்கோ" என்று சொல்லியாக வேண்டும், சொன்னதைக் கொடுத்தாக வேண்டும். பையன் நடந்துவிட்டான் என்று எவளாவது சுயின்ஷி கத்தி வந்தால்?

"இப்பவே சொல்லிட்டேன்," என்று வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்தார். "பையன் நடக்கிறான்னு யாராவது சுயின்ஷி கேட்டு வந்தா என் காது செவிடு. சேதி என்னன்னு முதல்ல சொல்லணும். அப்புறம்தான் என் வாய் திறக்கும்."

"நியாயம்தானேங்க," என்றாள் ஷோல்பான்.

இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பிறந்தநாள். பன்னிரண்டு பேர், எண்ணிப் பன்னிரண்டு. அவருடைய மேலதிகாரி சத்திபால்டி நடுவில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைத் தாடி, பேசுவது குறைவு, பேசினால் அந்த வட்டாரத்தில் அதற்குமேல் பேச்சு இல்லை. மாடியில்லாத கேக் ஒன்று. அரை மெழுகுவர்த்தி. ஒராஸ்பெக்கே ஊதிய பலூன்கள், அதனால் எல்லாம் சின்னது.

பையனைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பேச எழுந்தார்.

"உறவுகளே, நண்பர்களே. நம்ம ஊருல பிள்ளைக்கு ஒரு வயசு கூடுது, அப்பனுக்குப் பத்து வயசு கூடுது. ஏன்? பயம். எதிர்வீட்டுக்காரன் ஒட்டகம் நிறுத்துனான், நான் யானை நிறுத்தணும்னு பயம். அந்தப் பயம் இந்த வீட்டுல செத்துப்போச்சு. நாப்பதாயிரத்துல பிறந்தநாள் நடத்திக் காட்டுறேன், பாத்துக்குங்க. ஒரு வயசுப் பிள்ளைக்கு விருந்து ஞாபகம் இருக்குமா? அப்பன் முதுகுதான் ஞாபகம் இருக்கும். நான் ஒருத்தருக்கும் தலைவணங்கமாட்டேன்."

உண்மையில் அவரால் தலையை அசைக்கவே முடியவில்லை, பையன் காது இரண்டையும் பிடித்திருந்தான். என்றாலும் பேச்சு நன்றாகத்தான் போனது. இரண்டு பேர் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஷோல்பான் வாசலிலிருந்து ஓடிவந்தாள், கையில் ஒரு காகிதம்.

"சுயின்ஷி! சுயின்ஷி!"

ஒராஸ்பெக் ஒரு கையை உயர்த்தினார். இதற்குத்தானே தயாராக இருந்தார்.

"நில்லு. எதைப் பத்தின சேதி?"

"பையனைப் பத்தி இல்லீங்க. அடுப்பைப் பத்தி."

"அடுப்பா?"

"காஸ் ஆபீஸ் ரசீது. நம்ம வீட்டுக்கு இணைப்புப் பணம் முழுசா கட்டியாச்சு. நாளைக்குக் காலையில குழாய் போட வர்றாங்க."

ரசீதை வாங்கிப் பார்த்தார். முத்திரை இருந்தது. தன் பெயர் இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல். ஆறு குளிர்காலத்து நிலக்கரியும் ஒரே நொடியில் நெஞ்சிலிருந்து இறங்கியது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"ஷோல்பான், கேட்டதை எடுத்துக்கோ. என்ன கேட்டாலும் எடுத்துக்கோ."

"எனக்குப் பெருசா எதுவும் வேண்டாங்க. அலமாரி மேல இருக்கிற அந்த நரித்தோல் தொப்பி போதும்."

விருந்தினர்கள் மெச்சினார்கள். என்ன அடக்கமான பெண், ஒரு பழைய தொப்பிதானே கேட்கிறாள். ஒராஸ்பெக்கின் முகம்தான் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"தொப்பியா? அது பூச்சி அரிச்சது. வேற கேளு. கம்பளம் கேளு. என் சைக்கிளை எடுத்துக்கோ."

"எனக்குத் தொப்பிதான் பிடிச்சிருக்கு."

"ஒராஸ்பெக்," என்றார் சத்திபால்டி. "சேதி கொண்டுவந்தது அவ. வாக்குக் கொடுத்தது நீ. தொப்பியைக் கொடு."

கொடுக்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் மனைவிக்குத் தெரியாமல் பணம் ஒளித்தவன் என்று நாளைக்கு அலுவலகம் முழுக்கத் தெரியும். தொப்பியை எடுத்துக் கொடுத்தார். ஷோல்பான் அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். சற்று உயரமாகத் தெரிந்தாள்.

ஒராஸ்பெக் அவள் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார். "காஸுக்கு யாரு கட்டினா?"

"நான்தான். தெருப் பொம்பளைங்க சீட்டு. இந்த மாசம் என் முறை."

ஒராஸ்பெக் நிமிர்ந்தார். பணம் போனால் போகட்டும். மானம் இருக்கிறதே, அது தொப்பிக்குள் இல்லை.

"சரி," என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "அடுப்பு உன் பணம். தொப்பியும் உனக்கே. ஆனா விருந்து மட்டும் நடக்காது. வாக்குன்னா வாக்கு. பையன் நடந்தாத்தான் விருந்து. இந்த ஒரு மாசமா அவன் ஒரு அடி எடுத்து வெச்சதை யாராவது பாத்தீங்களா?"

கம்ஷாத் கேக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறக்கிவிடேன், பாப்போம்," என்றார் சத்திபால்டி.

இறக்கிவிட்டார். பயமே இல்லாமல், எல்லோருக்கும் தெரிகிறமாதிரி, அறை நடுவில் நிறுத்தினார். பெகாரிஸ் காற்சட்டையைச் சரிசெய்துகொண்டான். மாமன்மார்களை ஒருமுறை பார்த்தான். பிறகு கேக்கைத் தாண்டி, வெள்ளைத் தாடியைத் தாண்டி, வாசற்படியில் கை ஊன்றி இறங்கி, முற்றத்து வாத்தை நோக்கி ஓடினான். நடக்கவில்லை ஐயா, ஓடினான். வாத்து அவனைக் கண்டதும் பழகிய எதிரியைப்போலத் தப்பித்தது.

"இது எப்பலேருந்து?" என்றார் ஒராஸ்பெக்.

"நீங்க சட்டம் போட்டதுக்கு முந்தின நாள்லேருந்து," என்றாள் ஷோல்பான். "அன்னிக்கே காட்டியிருந்தா காசில்லன்னு சொல்லியிருப்பீங்க. சீட்டு வர்றவரைக்கும் பொறுத்துக்கிட்டேன். பகல்ல அவன் நடப்பான், சாயங்காலம் நீங்க சுமப்பீங்க. அவனுக்கும் ஓய்வு வேணுமில்ல."

"சரி, சரி. விருந்துக்கு நாள் பாக்கணும், மண்டபம் பாக்கணும், ஆளுங்களைக் கூப்பிடணும், அதுக்கெல்லாம் நாளாகும்..."

சத்திபால்டி தன் மேலங்கிப் பைக்குள் கையை விட்டு, தங்க எழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "அடுத்த சனிக்கிழமையாம். எனக்குப் போன வாரமே வந்துடுச்சு. உனக்கு இன்னும் வரலையா?"

ஒராஸ்பெக் முற்றத்துக்குப் போனார். பையனைப் பிடிக்க மூன்று சுற்று ஓட வேண்டியிருந்தது. மூச்சிரைக்கத் தூக்கினார். இப்போதுதான் அவன் காலில் பூட்ஸ் இருப்பதே கண்ணில் பட்டது. சின்னஞ்சிறு பூட்ஸ். திருப்பிப் பார்த்தார். குதிகால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன.

"ஒரே மாசத்துல பூட்ஸ் இவ்வளவு தேயுமா?" என்று கேட்டார், கடைசியாக ஒரு பொய்யையாவது பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்.

ஷோல்பான் நரித்தோல் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது ரெண்டாவது ஜோடிங்க."