மழைக்கு அஞ்சாத தீக்குச்சி

சின்ன வீடு ஒன்று. இழுத்தால் அறை தனியாக வெளியே வரும். உள்ளே ஒல்லி ஒல்லியாகப் படுத்திருப்பவர்களுக்கெல்லாம் கறுப்புத் தலை. ஒருவன் வெளியே வந்து, தன் வீட்டுச் சுவரிலேயே தலையை உரசி, உயிரைக் கொடுத்து நமக்கு அடுப்பு மூட்டுவான். யார் அவன்?

தீக்குச்சி. சரியாகச் சொன்னீர்கள். ஆனால் ஆமத்தூர் சுந்தரபாண்டியிடம் கேட்டிருந்தால், "எந்தத் தீக்குச்சி? பழசா, நான் கண்டுபிடித்ததா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

அவர் கண்டுபிடித்தது மழையில் நனைந்தாலும் எரியும் குச்சி. ஆமத்தூருக்கு மழை வருவது விருந்தாளி வருவது மாதிரி. வாசலில் தலையைக் காட்டிவிட்டு, உட்காராமலே போய்விடும். அந்த ஊரில் மழைக்குப் பயந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து சரக்கு எடுப்பவர் ஒரே ஒரு மலையாளத்து வியாபாரி. அவர், எங்கள் ஊர் மழையில் குச்சி நமத்துப்போகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அன்றைக்கே சுந்தரபாண்டி சபதம் எடுத்தார்.

குச்சிகளை மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்கி, மெழுகில் முக்கி, பிறகு தலையைத் தீ மருந்தில் முக்குவது வழக்கம். மருந்து காய்ந்ததும் தலையை மறுபடி மெழுகில் முக்கினார் அவர். தண்ணீர்த்தொட்டியில் போட்டு எடுத்து உரசினார். பற்றிக்கொண்டது. இந்தச் சீசன் லோடு முழுக்கப் புதுக் குச்சிதான் என்று அறிவித்தார்.

மனைவி வீரலட்சுமிதான் சட்டம் அடுக்கும் பெண்களுக்கெல்லாம் மேற்பார்வை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னங்க, தண்ணியில போட்டுப் பாத்தீக. வெயில்ல போட்டுப் பாத்தீகளா?"

"ஏளா, துணிஞ்சு இறங்குறவன்தான் மொதலாளி. சந்தேகப்படுறவன் கணக்கப்பிள்ளை."

லோடு கெட்டால் அந்த ஒரு வியாபாரியும் போய்விடுவாரே, கம்பெனிக் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதானே என்றாள். அவர் பதிலுக்குத் துணிச்சலைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சரிங்க என்றாள். அந்தச் 'சரிங்க'வுக்கு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

லோடு கிளம்பிய அன்று அவரும் லாரியில் ஏறிக்கொண்டார். வியாபாரியின் எதிரிலேயே தண்ணீரில் முக்கிப் பற்றவைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. வீரலட்சுமி புதுக் குச்சிப் பெட்டி ஒன்றை அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள்.

சித்திரை வெயில். ராஜபாளையம் தாண்டி டீக்கடையில் லாரி நின்றது. சுந்தரபாண்டி வண்டியை விட்டுத் தூரமாகப் போய், பீடியை வாயில் வைத்துக்கொண்டு பெட்டியை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வந்தது. உள்ளே குச்சி இல்லை, கருப்பட்டி மாதிரி ஒரு கட்டி இருந்தது. வெயிலில் மெழுகு உருகி, எல்லாத் தலையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.

பீடி கீழே விழுந்தது. லாரியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு, வீரலட்சுமி. லோடு அம்புட்டும் போச்சு."

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்க. லோடுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க பக்கத்துல நின்னு பாத்த சட்டத்தை மட்டுந்தான் ரெண்டாந்தரம் மெழுகில முக்கினோம். நீங்க அங்கிட்டுப் போனதும் பழையபடிதான்."

"அப்ப நான் பாத்த சட்டமெல்லாம்?"

"மச்சில கிடக்கு. ஒரு பெட்டிதான் உங்க சட்டைப்பையில வந்துச்சு."

கோபப்பட நினைத்தார். ஆனால் மோர் உள்ளே இறங்க இறங்க, கொட்டகை பிழைத்ததும் தான் பிழைத்ததும் அவருக்கு விளங்கியது. கண் கலங்கிவிட்டது. நீ இல்லாவிட்டால் இன்றைக்கு நான் இல்லை என்றார். மனசாரத்தான் சொன்னார். வெயிலுக்கு உருகாத கெட்டி மெழுகு வாங்கித் தருகிறேன், விடாமல் கண்டுபிடியுங்கள், ஆனால் ஒரே ஒரு சட்டத்தில் என்றாள் அவள். அதுவும் மனசாரத்தான்.

லாரி போய்ச் சேர்ந்தது. வியாபாரி அடுத்த ஆர்டரும் கொடுத்தார். ஆர்டர் வந்ததும் சுந்தரபாண்டிக்கு நிமிர்வும் திரும்பி வந்தது. நன்றி வேறு, நிர்வாகம் வேறு என்றார். இனிமேல் கம்பெனியில் யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பதை மகள் ராமுத்தாயே சொல்லட்டும் என்றார். முன்னேற்பாடாகச் சாத்தூர் போய்ச் சேவு வாங்கிவந்து, பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

ராமுத்தாய் பொட்டலத்தோடு போய் அம்மா மடியில் உட்கார்ந்தாள்.