கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு ரவுண்டு

"தெரியுதா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் ருசி ஆபீசர்.

"என்ன தெரியணும்?" என்றாள் மனைவி. முன்சீட்டில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பிக்கப்பும்மா, பிக்கப்! சிக்னல்ல கிளம்பினப்போ முதுகு அப்படியே சீட்ல போய் ஒட்டிச்சே!"

"என் முதுகு எப்பவும் சீட்லதாங்க இருக்கு."

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் குழுவுக்குத் தலைவர். அங்கே எல்லோரும் வைத்த பெயர் ருசி ஆபீசர். மாவில் உப்பு அரைச் சிட்டிகை குறைந்தாலும் கடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவர் தலையாட்டாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது.

அந்த நாக்கு வீட்டுக்கு வந்தாலும் ஓய்வெடுக்காது என்பதுதான் தொல்லை. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவருடைய தீர்ப்பு இல்லாமல் ஒரு தட்டும் காலியானதில்லை. "சூப்ல மிளகு கொஞ்சம் முந்திக்கிச்சு" என்பார். "டீத்தூள் மாத்திட்டியா?" என்பார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். ஏனென்றால் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைத்தது.

போன வாரம் தன்னுடைய ஒன்பது வயது செடான் காருக்கு இஞ்சின் டியூனிங் செய்துகொண்டு வந்தார். "ரேஸ் ஓட்டறதுக்கு இல்ல சார், தினசரி ஓட்டத்துக்கு. ஆபீஸ் போறப்போ, கடைக்குப் போறப்போ உங்களுக்கே தெரியும்" என்று பட்டறைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்சும் வைத்துக் கொடுத்தார். மேலே தள்ளினால் புது டியூனிங். கீழே தள்ளினால் பழைய இஞ்சின்.

அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மாமனாரை உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எப்படி மாமா?" என்று கேட்டார். மாமனார் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணை மூடி யோசித்தார்.

"ஏசி நல்லா வருது மாப்பிள்ளை."

ஏசியை யாரும் தொடவே இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில்தான் அந்தப் பேச்சு வந்தது. சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு அரைச் சிட்டிகை..." என்று ஆரம்பித்தார் அவர்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கார் பறக்குதுன்னு சொல்றீங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியலை. அது உங்க கற்பனை. அப்போ இந்த உப்பு கம்மி, மிளகு ஜாஸ்தி எல்லாமும் கற்பனைதானா? பன்னெண்டு வருஷமா நான்தான் முட்டாளா?"

ருசி ஆபீசர் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைத் திரும்பச் சூப்பிலேயே விட்டார். கற்பனையா? இந்த நாக்கா? அப்படியானால் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகத் தள்ளிவிட்ட பிஸ்கட்டெல்லாம்?

"சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

"பாக்கலாம். வித்தியாசம் தெரிஞ்சா, என் சமையலைப் பத்தி ஆயுசுக்கும் நீங்க என்ன வேணா சொல்லலாம். தெரியலைன்னா, இந்த மேஜையில நீங்க சாப்பிடறதுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கணும்."

மறுநாளே முதல் சோதனை. அவர் ஓட்டினார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டியூனிங்" என்றாள். சரி. "பழைய இஞ்சின்" என்றாள். அதுவும் சரி. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! உனக்கே தெரியுது!"

"ஸ்விட்சை நீங்க தள்றதைத்தான் பாத்துட்டு இருக்கேனே."

ஸ்விட்ச்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அப்போதும் சரியாகச் சொன்னாள். "நீங்க மேல தள்ளினா உங்க புருவமும் கூடவே மேல போகுது" என்றாள்.

அவள் கண்ணைக் கட்டினார். அப்போதும் சரி. "டியூனிங் போட்டா நீங்க 'ஹா'ன்னு ஒரு மூச்சு விடறீங்க."

தொழிற்சாலையில் மெஷின் பக்கம் நிற்பவர்கள் போட்டுக்கொள்ளும் காதுமூடியைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டினார். அப்போதும் சரியாகவே சொல்லிவிட்டு, அதைக் கழற்றினாள்: "ஸ்விட்ச் மேல இருந்தா வேணும்னே ஓங்கி மிதிக்கிறீங்க. கால் உங்களுது. இஞ்சினுக்கு என்ன பெருமை அதுல?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொழிற்சாலையில் என்ன செய்வோம்? எந்தத் தட்டில் எந்த பிஸ்கட் என்று ருசி பார்க்கிற யாருக்கும் தெரியாது. அதே ஒழுங்கைக் காருக்கும் கொண்டுவந்தால் யார் குறை சொல்ல முடியும்? அவர் ஓட்டக்கூடாது. அவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும்.

ஓட்டுவதற்கு மனைவியின் தம்பி வரவழைக்கப்பட்டான். நூலகத்தில் வேலை பார்ப்பவன். சத்தம் போடாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன்.

"ஒவ்வொரு ரவுண்டுக்கும் சீட்டு குலுக்கிப் போட்டு, ஸ்விட்ச் மேலயா கீழயான்னு நீயே முடிவு பண்ணு. எழுதி இந்தக் கவர்ல போட்டு ஒட்டிடு. ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம் மச்சான். என்ன ஆனாலும் சரி, நான் சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும்!"

"சரி அத்தான்" என்றான் அவன், அதையும் கிசுகிசுப்பாக.

"ரெண்டு மூணு ரவுண்டுல சரியா வந்தா அது குருட்டு அதிர்ஷ்டம். ஆறு ரவுண்டு வேணும்" என்று கணக்கு டீச்சர் கண்டிப்பாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு முன்கூடம் ருசிக்கூடமாக மாறியது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் எட்டிப் பார்க்காதபடி, சுவரைப் பார்த்து மூன்று நாற்காலி போட்டு, நடுவில் பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தடுப்புக் கட்டியிருந்தார். மதிப்பெண் தாளும் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். அதில் மூன்றே கட்டம்: மொறுமொறுப்பு, வாசனை, பின்சுவை.

"வேற தாள் அடிக்க நேரமில்லை. மொறுமொறுப்புன்னா பிக்கப்னு வச்சுக்குங்க. பின்சுவைன்னா பிரேக். பத்துக்கு எத்தனைன்னு போடணும்."

"வாசனை?" என்றார் மாமனார்.

"அதை விட்டுடுங்க மாமா."

"பெட்ரோல் வாசனை எனக்குப் பிடிக்கும்" என்று முன்கூட்டியே எட்டு போட்டுவிட்டார் அவர்.

வீட்டுவாசலில் கிளம்பி, கடைத்தெரு சிக்னலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி மேடு ஏறி இறங்கி, மறுபடி வாசல். இதுதான் ஒரு ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் கீழே இறங்கிப் பத்தடி நடக்க வேண்டும். பிஸ்கட்டுக்கு நடுவே வாய் கொப்பளிப்பது மாதிரி. "போன ரவுண்டு ஞாபகம் உடம்புல ஒட்டிட்டு இருக்கக் கூடாது" என்பது ருசி ஆபீசரின் விளக்கம்.

முதல் ரவுண்டு ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது ரவுண்டில் சிக்னலில் நின்றபோது ஒரு போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் மூன்று பேர். மூவருக்கும் கண் கட்டியிருந்தது, காது மூடியிருந்தது.

"யாருய்யா இவங்க? எங்க கடத்திட்டுப் போற?"

மைத்துனன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். நூலகத்தில் அது செல்லும். போலீஸிடம் செல்லவில்லை. அவர் பின்கதவைத் திறந்து மாமனாரின் தோளைத் தட்டினார். ரவுண்டு முடிந்துவிட்டது என்று நினைத்த மாமனார் நிதானமாக இறங்கி, நடுரோட்டில் எண்ணிப் பத்தடி நடந்தார். நான்கு பக்கமும் வண்டிகள் கிறீச்சிட்டு நின்றன.

கட்டை அவிழ்த்துவிட்டு ருசி ஆபீசர் கால்மணி நேரம் விளக்கினார். தொழிற்சாலை அடையாள அட்டையைக் காட்டினார். மதிப்பெண் தாளையும் காட்டினார். போலீஸ்காரர் 'மொறுமொறுப்பு 5' என்பதை இரண்டு முறை படித்தார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டக் கூடாதுன்னுதான் சட்டம் இருக்கு. உக்காரக் கூடாதுன்னு இல்லை. சீட் பெல்ட் வேற போட்டிருக்கீங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியலை, போங்க" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மூன்று முடிந்தது, நான்கு முடிந்தது. மாமனார் எல்லா ரவுண்டுக்கும் ஐந்து போட்டுக்கொண்டே வந்தார். மனைவி எல்லாவற்றுக்கும் நான்கு. ருசி ஆபீசர் ஒன்றுக்கு ஏழு, ஒன்றுக்கு ஆறு என்று போட்டார். ஆனால் போடும்போதெல்லாம் கை தயங்கியது.

ஐந்தாவது ரவுண்டு முடிந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது அவருக்கு வியர்த்தது. இது டியூனிங்கா, பழசா? சுத்தமாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயந்துபோனார். நாளைக்குக் காலையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிஸ்கட்டைக் கடிப்பது? வேண்டா வெறுப்பாக ஐந்து என்று எழுதினார். பன்னிரண்டு வருஷத்தில் இல்லாத பரிதாபத்தோடு மனைவியைப் பற்றி நினைத்துக்கொண்டார். பாவம், சூப் ஒருவேளை சரியாகத்தான் இருந்ததோ என்னவோ.

ஆறாவது ரவுண்டு கிளம்பியது. கடைத்தெருவில் வண்டி நின்றது. இந்த முறை கொஞ்சம் நேரமே பிடித்தது. இருட்டுக்குள் உட்கார்ந்து அவர் சாமியைக் கும்பிட்டார்.

திடீரென்று ஒரு இழுப்பு! முதுகு போய் சீட்டில் மோதியது. அடுத்த நொடி வண்டி வழுக்கிக்கொண்டு போனது. உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. காலடியில் எப்போதும் இருக்கும் அந்த லேசான அதிர்வுகூட இல்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் மூச்சு வாங்கும் அந்தக் கிழட்டு வண்டியா இது? மேடு வந்ததும் போனதும் தெரியவில்லை. இடது பக்கத்திலிருந்து மனைவியின் கை அவர் முழங்கையை இறுகப் பிடித்தது. கட்டியிருந்த துணிக்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் இறங்கியதும் மைத்துனன் மூவரையும் வரிசையாகத் தோளில் கைவைக்கச் செய்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தான். அவர்கள் கட்டை அவிழ்த்து எழுதி முடித்ததும் விரலைத் தூக்கிக் காட்டினான்.

"பேசாத மச்சான்! முடிவு சொல்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்றார் ருசி ஆபீசர். தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

ஆறாவது ரவுண்டு, மொறுமொறுப்பு. அவர் பத்து. மாமனார் ஒன்பதரை. மனைவி ஒன்பது!

"நானா ஒன்பது போட்டேன்?" என்று அவளே தாளை வாங்கிப் பார்த்தாள். "ஆமாங்க. பொய் சொல்ல முடியாது. முதுகு நிஜமாவே ஒட்டிச்சு."

"முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியிருக்கேன் மாப்பிள்ளை. இவ்வளவு அலுங்காம ஒரு நாள் நான் ஏறினதில்லை" என்று மாமனார் எழுந்து கை குலுக்கினார். "இஞ்சின்னு ஒண்ணு உள்ள இருக்கிறதே தெரியலை!"

ருசி ஆபீசர் கவரைக் கிழித்தார். மற்ற ஐந்து வரிகளைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஆறாவது ரவுண்டுக்கு நேரே, மைத்துனனின் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது: ஸ்விட்ச் மேலே. டியூனிங்.

"பாத்தீங்களா!" என்று கத்தினார். கத்தியதோடு நிற்காமல், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆட்டமும் போட்டார். "கற்பனையாம், கற்பனை! இந்த உடம்புக்குத் தெரியாம ஒண்ணு நடந்துட முடியுமா?"

"அத்தான்..." என்றான் மைத்துனன்.

"இப்போ பேசலாம்டா, தாராளமா பேசு!"

மைத்துனன் அத்தானின் முகத்தைப் பார்த்தான். காபி போடச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, "வாழ்த்துகள் அத்தான்" என்றான்.

மனைவி காபி கொண்டுவந்தாள். சொன்ன சொல் தவறாதவள். அவர் எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஒத்துக்கறேன். உங்களை மாதிரி நுணுக்கமா உணர்றவங்க யாரும் கிடையாது. சொல்லுங்க, காபி எப்படி?" என்றாள்.

ருசி ஆபீசர் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினார். ஆயுசுக்குமான உரிமை கிடைத்துவிட்டது, அதை அவசரப்பட்டு வீணாக்க அவர் தயாராக இல்லை. நாக்கை ஒரு முறை சுழற்றி, "சர்க்கரை கால் ஸ்பூன்..." என்று ஆரம்பித்தார்.

வாசலில் யாரோ செருமினார்கள். லாரி டிரைவர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்... கடைத்தெருவுல இஞ்சின் ஆஃப் ஆகி நின்ன உங்க காரை இப்போதான் மேடு ஏத்தி இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்து விட்டேன், என்னோட கயித்தை எடுக்க மறந்துட்டேன்."