வரவேற்பறையில் முதலாண்டு

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பரமசிவத்துக்கு அவசரமாக ஐந்து முதலாண்டு மாணவர்கள் தேவைப்பட்டார்கள். கைவசம் ஒருவர்கூட இல்லை.

“உங்க கிளாஸ்லதான் அறுபது பேர் இருக்காங்களே?” என்றாள் அவர் மனைவி உஷாராணி, சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரவேற்பறைக்கு இழுத்துக்கொண்டே.

“தீபாவளி லீவுக்கு முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போயாச்சு. மிச்சம் இருக்கறவங்க வரட்டும்னு குரூப்ல மெசேஜ் போட்டேன். நாற்பத்திரண்டு பேர் பார்த்திருக்காங்க. ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது.”

“சரி, அந்த ஒருத்தரையாவது வரச் சொல்லுங்க.”

“அது எங்க டிபார்ட்மென்ட் கிளார்க். யார் என்ன போட்டாலும் கட்டைவிரல் போடுவார்.”

பரமசிவம் டெல்லியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷமாக வேதியியல் நடத்துகிறவர். வருகிற ஜனவரியிலிருந்து அந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ‘சக்ஸஸ் கோர்ஸ்’ என்று ஒரு புதுப் பாடம் தொடங்கவிருந்தது. குறிப்பு எடுப்பது எப்படி, நேரத்தைப் பங்கிடுவது எப்படி, புரியாவிட்டால் யாரிடம் போவது என்றெல்லாம் சொல்லித்தரும் பாடம். அதை நடத்தப் போகும் ஆசிரியர்களுக்கு முதலில் ஐந்து நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்த ஸ்நேகாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேச வரும், படிக்க வராது.

“சார், கேள்வி கேட்டா ஏழு செகண்ட் வெயிட் பண்ணுங்க,” என்றாள் முதல் நாளே. “நீங்களே கேட்டு நீங்களே ஆன்ஸர் சொல்லிடறீங்க. ஸ்டூடண்ட்டுக்கு வேலையே இல்லை.”

முப்பது வருஷத்தில் பரமசிவம் இரண்டு செகண்ட் பொறுத்ததில்லை.

“அப்புறம், ‘எனக்குத் தெரியலை’ன்னு ஒரு தடவையாவது சொல்லிப் பாருங்க.”

அதற்கு அவருடைய தொண்டை ஒத்துழைக்கவே இல்லை. இருமல்தான் வந்தது.

கடைசிக் கட்டமாக, ஒவ்வொரு ஆசிரியரும் ஐந்து முதலாண்டு மாணவர்களை வைத்து அரை மணி நேரம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் ஜனவரியில் பாடம் நடத்தலாம். கல்லூரியில் வெள்ளையடிப்பு நடந்ததால், சரோஜினி நகரில் அவருடைய குவார்ட்டர்ஸுக்கே வந்து பார்ப்பதாக ஸ்நேகா சொல்லியிருந்தாள். பதினொரு மணிக்கு.

மகன் ஜெகன்தான் கைகொடுப்பதாக இருந்தது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். நான்கு நண்பர்களை அழைத்து வருகிறேன், மோமோ வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தான். இப்போது கையில் போனோடு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“அப்பா, ஒருத்தன் தூங்கறான்.”

“மத்த மூணு பேர்?”

“அவனை எழுப்பப் போனாங்க. அங்கேயே தூங்கிட்டாங்க.”

பரமசிவம் சோபாவில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். “நீ உட்காரு. ஒரு வருஷம் குறைச்சுச் சொல்லு. உஷா, நீயும் உட்காரு.”

“நானா? எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. ஃபர்ஸ்ட் இயரா?”

“கொஞ்சம் வெளிச்சம் படாத இடமாப் பார்த்து உட்காரு.”

அதற்கு உஷாராணி பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

மூன்றாவது ஆளாக மேல்வீட்டு ராமமூர்த்தியைப் பிடித்தார்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருப்பவர். காலனி நாடகங்களில் ஒன்றுவிடாமல் நடித்தவர். நடிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் பத்தே நிமிஷத்தில் பேரனின் டீ ஷர்ட்டில் இறங்கி வந்தார். தலைக்கும் மீசைக்கும் மை அடித்திருந்தார். அது இன்னும் காயவில்லை.

நான்காவது ஆள் தானாகவே வந்து மணியடித்தான். வைஃபை சரிசெய்ய வந்தவன். “பையா, ஆதா கண்டா, பஸ் பைட்னா ஹை,” என்று, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும் என்பதை இந்தியில் சொல்லி, பரமசிவம் அவன் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார். கரும்பு தின்னக் கூலியா என்பதுபோல அவனும் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

இன்னும் ஓர் ஆள். சமையலறையிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது.

பொன்னிக்கு நாற்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சிப் பக்கம். புருஷன் கட்டட வேலை. இவள் காலனியில் நான்கு வீடுகளில் சமைக்கிறாள். இந்த வீட்டில் ஆறு வருஷமாக.

“பொன்னி, அடுப்பை அணைச்சிட்டு ஜல்தி வாங்க. அரை மணி நேரம் நீங்க காலேஜ் ஸ்டூடண்ட்.”

பொன்னியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. “யாரு சார் ஒங்களுக்குச் சொன்னது?”

“யார் சொல்லணும்? நானே முடிவு பண்ணினேன். சும்மா நடிப்புதான். உட்கார்ந்தா போதும்.”

“நடிப்பா?” என்று பொன்னி பெருமூச்சு விட்டாள். “அப்பச் சரி சார்.”

முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தவள், தன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நடிப்பில் இவ்வளவு ஈடுபாடா என்று பரமசிவம் நெகிழ்ந்துபோனார்.

ஆளுக்கொரு சீட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. பொன்னியின் சீட்டில், ‘டைம்டேபிள் போடுவது எப்படி?’

அவள் அதைப் படித்துப் பார்த்தாள். “வேற ஏதாச்சும் கேக்கலாமா சார்?”

“ஐயோ, வேண்டாம் பொன்னி. காலேஜ் பசங்க இதைத்தான் கேட்பாங்க.”

மணி அடித்தது. ஸ்நேகா உள்ளே வந்து ஐந்து பேரையும் இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்தாள். பிறகு வலமிருந்து இடமாக.

“சார்... எல்லாரும் ஃபர்ஸ்ட் இயரா?”

“வயசுல கொஞ்சம் முன்னே பின்னே...”

ராமமூர்த்தி எழுந்து நின்றார். “ப்ளஸ் டூ முடிச்சதும் சேர முடியலை மேடம். கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“எவ்வளவு லேட்?”

“நாற்பத்தாறு வருஷம்.”

ஸ்நேகா மூலை மேசையருகே உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தாள்.

பரமசிவம் தொடங்கினார். “காலேஜ்ல சேர்ந்த முதல் வாரம் உங்களுக்கு எப்படி இருந்தது?” கேட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் வைஃபைக்காரனின் போன் அலறியது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு, “க்ளாஸ் மே ஹூம் யார்,” என்றான், வகுப்பில் இருப்பதாக ரொம்பப் பெருமையாக.

நிலைமையைக் காப்பாற்ற ராமமூர்த்தி கையைத் தூக்கினார். சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கணீரென்று படித்தார். “பரீட்சை பயத்தைப் போக்குவது எப்படி, அடைப்புக்குறிக்குள், கவலையாக முகத்தை வைத்துக்கொள்ளவும்!”

முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு அவர் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் தலை மை வட்டமாக அப்பிக்கொண்டது.

“என்னங்க, சோபா கவரு!” என்று கத்தினாள் உஷாராணி.

ஸ்நேகா நிமிர்ந்தாள். “‘என்னங்க’ன்னா?”

“தமிழ்நாட்டுல வாத்தியாரை மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்கம்மா,” என்றார் பரமசிவம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“எங்க அம்மா எங்க அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க.”

“அவரும் வாத்தியாரோ என்னவோ.”

ஜெகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அப்போதுதான் பொன்னி கையைத் தூக்கினாள். அரைக் கைதான் தூக்கினாள். சீட்டை நாலாக மடித்து மடியில் வைத்துவிட்டிருந்தாள்.

“சார், கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்குப் புரியல. நானும் கூடச் சேந்து சிரிச்சிடறேன். அது தப்புங்களா?”

அதற்குச் சீட்டு இல்லை.

“டீச்சர் இங்கிலீஸ்ல வேகமாச் சொல்றாங்க. கையத் தூக்கிக் கேக்கணும்னுதான் போறேன். வீட்டுலேந்து பஸ்ஸுல போறப்ப நல்லாத்தான் இருக்குது. உள்ள போயி ஒக்காந்ததும் கை எழும்ப மாட்டேங்குது. அறுவது பேரு திரும்பிப் பாப்பாங்களே. என்னா சார் பண்றது?”

ஏழு செகண்ட் தாண்டியது. பத்தும் தாண்டியது. யாரும் எண்ணவில்லை.

“எனக்குத் தெரியலை,” என்றார் பரமசிவம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இருமல் வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“போன வருஷம் என் கிளாஸ்ல ஒரு பையன். பீகார்லேர்ந்து வந்தவன். தினமும் வகுப்பு முடிஞ்சதும் என் மேசைகிட்ட வந்து நிப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான். நானும் ரெஜிஸ்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். ரெண்டு வாரம் அப்படி நின்னான். அப்புறம் வரலை. அவன் ஊருக்கே திரும்பிப் போயிட்டான்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்த மூணு மாசமும் நான் அவனுக்கு ‘ஆப்சென்ட்’ போட்டுக்கிட்டே இருந்தேன்.”

உஷாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்சிபால் கட்டாயப்படுத்தித்தான் இந்தப் பயிற்சிக்குப் போனார் என்று அவள் நினைத்திருந்தாள். கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இவரே பெயர் கொடுத்தது யாருக்கும் தெரியாது.

“கை எழும்பலைன்னா விட்டுடுங்க பொன்னி,” என்றார். “வகுப்பு முடிஞ்சதும் வாத்தியார் மேசைகிட்ட வந்து நில்லுங்க. கேள்விகூடக் கேக்க வேண்டாம். நின்னாப் போதும். என்னன்னு கேக்க வேண்டியது அவர் வேலை. ஒரு நாள் கேக்காமப் போயிட்டார்னா மறுநாளும் வந்து நில்லுங்க. நீங்க போயிடாதீங்க.”

பொன்னி தலையாட்டினாள். பிறகு பேனாவைத் திறந்து, டைம்டேபிள் சீட்டைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அரை மணி முடிந்தது. வைஃபைக்காரன் கைதட்டினான். என்ன நடந்தது என்று அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் தட்டினான். ராமமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மை கன்னத்துக்கும் பரவியது.

பரமசிவம் எழுந்தார். “ஸ்நேகா, நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இவங்க யாரும் ஸ்டூடண்ட்ஸ் இல்லை. இது என் மனைவி. அது என் பையன். அவர் மேல்வீட்டுக்காரர்.”

“தெரியும் சார். மை சொட்டினப்பவே தெரியும்.” ஸ்நேகா சிரித்தாள். ஆனால் பேனாவை மூடவில்லை. “பத்து டீச்சர்ஸ் டெமோ பார்த்தேன். இன்னிக்கு நீங்க சொன்ன ஆன்ஸர்தான் பெஸ்ட். சச்சி, சத்தியமா. ஆனா இந்த ஃபார்ம்ல ஸ்டூடண்ட் நேம்னு ஒரு கட்டம் இருக்கு. அஞ்சு பேர் இல்லாட்டியும் பரவாயில்லைன்னு எங்க டைரக்டர்கிட்ட நான் பேசிடுவேன். ஒருத்தராவது நிஜமா இருக்கணும். நான் பொய் எழுத முடியாது சார்.”

“எழுத வேண்டாம்மா,” என்றார் பரமசிவம். “அடுத்த தடவை நிஜ மாணவர்களை வச்சே எடுக்கறேன்.”

உண்மையில் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த பயிற்சி மே மாதம். அதற்குள் ஜனவரி முதலாண்டுப் பிள்ளைகள் வேறு யாரிடமோ போயிருப்பார்கள்.

ஸ்நேகா படிவத்தின் குறுக்கே கோடு போடப் போனாள். சமையலறை வாசல்வரை போய்விட்ட பொன்னி அங்கிருந்து திரும்பி வந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“என்ன பொன்னி?” என்றார் பரமசிவம்.

“கோடு போடாதீங்க மேடம். எம் பேர எழுதிக்கங்க: பொன்னி, பி.ஏ. மொத வருசம், ஞாயித்துக்கெழம காலேஜு, சேந்து நாலு மாசம் ஆவுது.”