எது முதலில் விசாரணைக் குழு

பெரியாஸ்பத்திரியின் கண்காணிப்பாளர் மாநாடு ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி அறிவியல்பூர்வமாகிவிட்டது. முதல் வேலையாகக் கேன்டீனில் சர்க்கரையை நிறுத்தினார். "மூளையின் சர்க்கரைச் செலவைச் சீர்படுத்தும் பொருட்டு" என்று பலகை மாட்டப்பட்டது. ஊழியர்கள் கசப்புக் காபியைக் குடித்துவிட்டு, இருந்த மூளையை அவரைத் திட்டுவதற்குச் செலவழித்தார்கள்.

இந்தப் புரட்சி எதுவும் கண்டக்டரம்மாவுக்குத் தெரியாது. மாதாமாதம் பஸ் டியூட்டிக்கு லீவு போட்டுவிட்டுத் தம்பியை மனநலப் பிரிவுக்குக் கூட்டி வருவாள். தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஆளில்லாத அறையில் அவனைப் பற்றி யாரோ பேசுவது கேட்கும். மாத்திரை போட்டால் குரல்கள் அடங்கும், தூங்குவான், தச்சுப்பட்டறை வேலைக்கும் ஒழுங்காகப் போவான். அந்த மாத்திரை நேற்றோடு தீர்ந்துவிட்டது.

சீட்டு எழுதப்போன மனநல டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

"புது உத்தரவும்மா. நோய் எங்க ஆரம்பிக்குதோ அந்தப் பிரிவுதான் மருந்து எழுதணுமாம். இந்த நோய் வந்த சிலருக்கு ரத்தத்துல நோய் எதிர்ப்புப் படை காரணமே இல்லாம உஷாராகி நிக்குது. மூளை சர்க்கரையை எரிக்கிறதும் மந்தமாகுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்போல."

"நல்ல விஷயம்தானே சார். மாத்திரையைக் குடுங்க."

"எது முதல்ல ஆரம்பிக்குதுன்னு தெரியலையே! மூளை முதல்னா என் பிரிவு. படை முதல்னா ரத்தப் பிரிவு. தெரியாம நான் கை வெச்சா எல்லை மீறலாயிடும்."

"உலகத்துல வேற யாருக்காவது தெரியுமா?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா. முடியட்டும்."

கீழ்த்தளத்து ரத்தப் பிரிவு டாக்டர் இன்னும் மரியாதையானவர். "படை எங்களோடதுதான், மறுக்கல. ஆனா கழுத்தைத் தாண்டிட்டா எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

அவள் கண்காணிப்பாளரின் அறை வாசலில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். அவரும் செயல்வீரர். நின்ற இடத்திலேயே 'எது முதலில் விசாரணைக் குழு'வை அமைத்து, அக்காவையும் தம்பியையும் உள்ளே அழைத்துக் கூட்டத்தைத் தொடங்கினார்.

படைதான் முதல் என்றது ஒரு பக்கம். மூளைதான் முதல் என்றது மறுபக்கம். குழுவில் எதற்குச் சேர்த்தார்கள் என்று தனக்கே தெரியாத கேன்டீன்காரர் சர்க்கரைதான் முதல் என்று மேஜையைத் தட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

தம்பியின் முகம் வெளிறியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நிறைய பேர் பேசறாங்க. என்னைப் பத்தியே பேசறாங்க, ஆனா என்கிட்ட யாரும் பேசல. உனக்கும் கேக்குதா?"

"கேக்குதுடா. நல்லாவே கேக்குது."

"அப்பாடா! எனக்கு மட்டும்தான்னு பயந்துட்டேன்."

கண்காணிப்பாளர் கையை உயர்த்த, அறை அடங்கியது. "இவருக்குக் கேக்கற குரல் உங்களுக்கும் கேக்குதாம்மா?"

"ஆமா சார், அது வந்து..."

"எழுதிக்குங்க. நோயாளிக்குக் கேட்கும் குரல்கள் பிறருக்கும் கேட்கின்றமையால், அன்னார் பூரண குணமடைந்தார் என்று இக்குழு மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. குணப்படுத்தியது நாங்கள்தான் என்று ரத்தப் பிரிவு சொன்னது. மூளையை முதலில் கவனித்தது யார் என்று மனநலப் பிரிவு பாய்ந்தது. காலையிலிருந்து யாருக்கும் வேண்டாதவனாக இருந்த தம்பிக்கு இப்போது இரண்டு பிரிவும் உரிமை கொண்டாடின.

"சார், ராத்திரிக்கு மாத்திரை?" என்றாள் கண்டக்டரம்மா.

கண்காணிப்பாளர் கை குலுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

"சார், இவன் இன்னைக்குத் தூங்கணும் சார்!"

மனநல டாக்டர் புகைப்படத்துக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார்.

அவள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "மாத்திரை குடுங்கய்யா!"

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. தம்பி மட்டும் அவள் தோளைத் தொட்டான்.

"விடுக்கா. உன் குரல் எனக்கு மட்டும்தான் கேக்குது."