தெருவுக்கு அந்தப் பக்கம்

"யூட்டாவா? மன்னிக்கணும் சார், அந்த மாநிலத்துக்கு நாங்க அனுப்புறதில்ல."

டெல்பர்ட் டோல்மன் கார் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆரிகன் திராட்சைப் பண்ணைக்காரப் பெண்.

"ஏம்மா, நான் என்ன வெடிகுண்டா கேக்குறேன்? நாலு பாட்டில் ஒயின்."

"பண்ணையிலேருந்து நேரா வீட்டுக்கு அனுப்பினா உங்க மாநிலத்துல கிரிமினல் கேஸ் சார். நீங்க குடிப்பீங்க, நாங்க உள்ள போகணும்."

அரசாங்க மதுக்கடையில் அந்தப் பண்ணையின் சரக்கு கிடையாது. சொல்லிவைத்து வரவழைக்கலாம்தான், ஆனால் இந்தக் கல்யாண நாளுக்குச் சொன்னால் அடுத்த கல்யாண நாளுக்கு வந்து சேரும்.

வேறு ஒயின் அவருக்கு வேண்டாம். தேனிலவுக்குப் போனபோது அந்தப் பண்ணையில்தான் வெர்லீன் ஒரே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, நாற்காலியிலிருந்து விழுகிற மாதிரிச் சிரித்தாள். பிறகு அவளுடைய ஊருக்கே குடிவந்தார்கள். ஊர் முழுக்க மதுவைப் பாவம் என்று ஒதுக்கும் தேவாலயத்துக்காரர்கள், அதிலும் பாதிப் பேர் அவளுடைய சொந்தக்காரர்கள். அதோடு குடியும் நின்றது, அந்தச் சிரிப்பும் நின்றது. இன்னொரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கிப்போயிருந்தார்.

"சரி, எதிர் வீட்டுக்கு அனுப்புவியாம்மா?"

"எதிர் வீடும் யூட்டாதானே சார்?"

"இல்ல. எங்க தெரு நடுவுலதான் மாநில எல்லைக் கோடு ஓடுது. அந்தப் பக்கம் ஐடஹோ."

விலாசத்தைச் சொன்னார். "ஓ, அங்கயா? தாராளமா போகும்" என்றாள் அவள் சட்டென்று.

எதிர் வீடு மைத்துனன் லவாருடையது. தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். சனிக்கிழமை தோறும் வெர்லீன் அங்கே போய்த் தம்பியோடு பக்திப் பாட்டுப் பயிற்சி செய்வாள். திரும்பும்போது பரவசம் அடங்காமல் தெருவிலேயே பாடிக்கொண்டு வருவாள். அப்பேர்ப்பட்ட வீட்டு வாசலில் போய் ஒயின் பேச்சை எடுக்க டெல்பர்ட்டுக்கு நாக்கு எழவில்லை. இருந்தாலும் எடுத்தார்.

லவாரின் முகம் வெளுத்துவிட்டது.

"என் வீட்டுக்கா? உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா அத்தான்?"

"உங்க அக்காவுக்காகத்தான் மச்சான். அவளுக்குத் தெரியாம வாங்கி அசத்தணும்."

"அக்காவுக்குத் தெரியாமலா?" லவார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "வேற வீடு பாருங்க. பெட்டியில கொட்டை எழுத்துல 'மது'ன்னு போட்டிருப்பான். ஊரே பார்க்கும்."

டெல்பர்ட் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் கடைசியில் லவார் இறங்கிவந்தார். ஆனால் நிபந்தனைகள் போட்டார். பெட்டி வீட்டுக்குள் வரக் கூடாது, கையெழுத்து டெல்பர்ட்டே போட வேண்டும். "முக்கியமா, பார்சல் வண்டிக்காரன் கர்ட்டுகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பெரிய வாயாடி."

வண்டி வந்தது. கர்ட் விடுமுறையில் போயிருந்தான். வேறொரு பெண் வந்திருந்தாள்.

"இருபத்தியோரு வயசு ஆயிடுச்சுங்கிறதுக்கு அடையாள அட்டை காட்டுங்க தாத்தா."

"தாத்தாங்கிற, அப்புறம் அட்டையும் கேக்குற! என் தலையப் பாரு. முடி இருக்கா?"

"சட்டத்துல முடியப் பத்தி ஒண்ணும் இல்ல தாத்தா."

அட்டை யூட்டாவில், வீட்டில், இன்னொரு கால்சட்டைப் பையில் இருந்தது. ஓடினார். வாசலில் வெர்லீன் வழிமறித்தாள்.

"ஏங்க, என் தம்பி வீட்டுல என்ன வேலை உங்களுக்கு?"

"வேலி... வேலி ரிப்பேர் பண்றேன்."

அவர் சுத்தியலோடும் அட்டையோடும் திரும்பிவந்தபோது வண்டி போய்விட்டது.

"வேலியா?" என்று லவார் குதித்தார். "நான் அக்காகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். வேலின்னு சொல்லிட்டீங்கல்ல, வேலியச் சரிபண்ணுங்க!"

ஆக, மறுநாள் வண்டிக்காகக் காத்திருந்த வேளையில் டெல்பர்ட் நிஜமாகவே வேலி அடித்தார். கட்டைவிரல் வீங்கிப்போனது. முதுகு பிடித்துக்கொண்டது. நாலு பாட்டில் திராட்சைச் சாற்றுக்காக ஒரு மனிதன் இவ்வளவு சீரழிய வேண்டுமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் எழுதியவனை நாலு கம்பத்துக்கு நடுவில் நிறுத்தி ஆணி அடிக்கலாம் போலிருந்தது.

"அந்தக் கம்பம் சாயுது அத்தான்" என்றார் லவார், நிழலில் உட்கார்ந்தபடி.

"நான் சாயாம இருக்கேனே, அதப் பாருங்க மச்சான்!"

இந்த அழகில், தெருவைக் கடந்து வெர்லீனே வந்துவிட்டாள். கையில் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி.

"வெயில்ல வேலை செய்றீங்களேன்னு கொண்டாந்தேன். ஏன் தம்பி, உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. நீ வீட்டுக்குப் போ. உடனே போ."

"ஆமா வெர்லீன், நீ போ, வெயில் ஆகாது" என்று டெல்பர்ட்டும் தள்ளாத குறையாக விரட்டினார். மச்சான் தனக்காக இப்படிப் பதறுகிறாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக இவரை வறட்டுப் பக்தர் என்று நினைத்தது தப்பு.

அவள் நகரவில்லை. தெருமுனையில் வண்டி திரும்பியது. ஓட்டி வந்தவன் கர்ட்.

எல்லாம் போச்சு என்று டெல்பர்ட் சுத்தியலைக் கீழே போட்டார். அது காலில் விழுந்தது. லவார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபிக்க ஆரம்பித்தார். வெர்லீனோ ஜெல்லித் தட்டை வேலியின் மேல் வைத்துவிட்டு, வண்டியைப் பார்த்துச் சின்னதாக, வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினாள்.

கர்ட் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பெட்டிகளை நெஞ்சோடு அணைத்தபடி குதித்து இறங்கினான்.

"அட, வெர்லீன் அக்கா! நல்லவேளை, நீங்களே நிக்கிறீங்க. அதே ஆரிகன் பண்ணைதான், ஆனா இந்தத் தடவை ரெண்டு பெட்டி. ஒண்ணு யாரோ டெல்பர்ட்டாம். உங்களுத எப்பவும்போல தம்பி வீட்டு ஃப்ரீசருக்குப் பின்னாடியே வச்சிடட்டுமா?"