படம் ஓடுது, தொடாதே

“கையை எடு! கையை எடு!” என்று சூப்பரண்டு போட்ட கூச்சலில் அவர் மனைவி மவுஸை நழுவவிட்டாள்.

“என்னங்க, ஷாக் அடிக்குதா?”

“படம் போயிடுச்சு பார்! எவ்வளவு அழகா சுத்திக்கிட்டிருந்த கல்லு. நீ தொட்டதும் ஓடியே போயிடுச்சு.”

கல் சுற்றிக்கொண்டிருந்த திரையில் இப்போது ஏழாம் வகுப்புக் கேள்வித்தாள் பாதியில் நின்றது. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மறுநாள் பரீட்சை. ஆனால் சூப்பரண்டின் கவலையெல்லாம் வானத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். வானத்தில் திரியும் சின்னச் சின்ன விண்கற்கள் எந்தப் பாதையில் போகின்றன என்று கணக்குப் போட ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன. அத்தனையும் வாங்க வசதியில்லை. ஆகவே வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை இரவல் கேட்டார்கள். ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டால் போதும், நாம் தொடாத நேரத்தில் அது அவர்களுக்காகக் கணக்குப் போடும். கூடவே திரையில் ஸ்க்ரீன்சேவராக ஒரு படமும் ஓடும். கறுப்பு வானம், அதில் மெல்லச் சுழலும் கற்கள். முடித்த கணக்குக்குத் தகுந்த மதிப்பெண். வருடக் கடைசியில் ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் பிடித்தவரின் பெயரை ஒரு கல்லுக்கு வைப்பார்கள். கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை.

சூப்பரண்டுக்கு அந்தக் கல் வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை உழைத்தும் பதவி உயர்வுப் பட்டியலில் எப்போதும் அவர் இரண்டாவது ஆள். குடியிருப்பின் வாசல் பலகையில்கூட மனைவியின் பெயர்தான் இருந்தது. வானத்தில் ஒரு கல்லாவது தன் பெயரோடு சுற்றட்டும் என்று மனிதர் உள்ளூர ஏங்கினார்.

அதற்காகச் சொந்தபந்தங்களைத் திரட்டிக் குழு அமைத்தார். வீடு வீடாகப் போய்த் தானே புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். பெயர்களையும் அவரே பதிந்தார். தனக்குத் ‘தலைவர்’. தங்கையின் கணவருக்கு, மரியாதை கெடக்கூடாதே என்று, ‘மாப்பிள்ளை’.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. தினமும் காலையில் குழுவின் பட்டியலைத் திறந்தால் முதலிடத்தில் மாப்பிள்ளை. இரண்டாவது இடத்தில் தலைவர்.

வயிறு எரிந்தது. ஆனால் நேரடியாகக் கேட்கக் கௌரவம் விடவில்லை. நைசாக போன் போட்டுப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, எப்படிப் போகுது?”

“ஏதோ போகுது மச்சான்.”

“புதுசா ஏதாவது மெஷின் வாங்கிப் போட்டிருக்கீங்களோ?”

“ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினோம்.”

போனை வைத்ததும் சூப்பரண்டு மனைவியிடம் பல்லைக் கடித்தார். “பார்த்தியா, என்னையே கிண்டல் பண்றாரு! முதலிடத்துல இருக்கற ஆளு, ஒரு வார்த்தை பெருமையா பேசட்டுமே. ம்ஹூம். அமுக்கம்!”

“அவருக்கு வேற வேலை இருக்கும்ங்க.”

“இல்லைடி. இங்கதான் கோளாறு. ஆளாளுக்கு மவுஸைத் தொட்டுப் படத்தை நிறுத்தறீங்க.”

மறுநாளிலிருந்து மவுஸைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். மனைவி மீதிக் கேள்வித்தாள்களைக் கையாலேயே எழுதினாள். கல்லூரிப் படிப்புக்காகக் கம்ப்யூட்டரை நம்பியிருந்த மகள், “அப்பா, அந்தக் கல்லுக்கு என் மேல என்ன கோபம்?” என்று கேட்டுவிட்டுத் தோழி வீட்டுக்குக் குடிபோகாத குறை.

இப்படி நாள் முழுக்கப் படம் ஓடியும் மாப்பிள்ளையை நெருங்க முடியவில்லை. சூப்பரண்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். கற்கள் மங்கலாக, மொழுமொழுவென்று இருந்தன. இவ்வளவு மங்கலாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் எப்படிப் பாதையைக் கண்டுபிடிக்கும் என்று தோன்றியது. உடனே பெரிய திரை ஒன்று வாங்கினார். படத்துக்கான அமைப்புகளைத் திறந்து, எது எது உயர்ந்ததோ அதையெல்லாம் தட்டிவிட்டார். இப்போது கல்லில் பள்ளம் தெரிந்தது, பள்ளத்துக்குள் நிழல் தெரிந்தது, ஓரத்தில் வெயிலே அடித்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த காற்றாடி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

“ஆஹா, வேலை நடக்குது!” என்று சூப்பரண்டு பூரித்தார். படம் பளபளக்கப் பளபளக்க மதிப்பெண் மெலிந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று போதாது என்று முடிவு கட்டி, அலுவலகக் கவுண்டர்களில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களிலும் புரோகிராமைப் போட்டார். படத்தை எல்லாவற்றிலும் உச்சத்தில் வைத்தார். பிறகு ஊழியர்களைக் கூப்பிட்டார்.

“இது மனித குலத்துக்கான சேவை. படம் ஓடும்போது யாரும் கை வைக்கக் கூடாது. புரியுதா?”

அந்த அலுவலகத்தில் ஓர் உத்தரவு இவ்வளவு உற்சாகமாக நிறைவேற்றப்பட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“அம்மா, குழாய்ல தண்ணியே வரலை. புகார் குடுத்து ஒரு வாரமாச்சு” என்றார் கவுண்டருக்கு வெளியே நின்ற பெரியவர்.

“இருங்க சார், படம் ஓடுது” என்றாள் உள்ளே இருந்த பெண் ஊழியர்.

“எப்ப முடியும்?”

“வானம் எப்ப முடியுதோ அப்ப.”

சத்தம் கேட்டு மேனேஜர் இறங்கி வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று சூப்பரண்டு பதறி எழுந்தார். மேனேஜர் வரிசையாகச் சுழலும் கற்களைப் பார்த்தார், நின்றார், வாயைப் பிளந்தார்.

“அடேயப்பா! இத்தனை நாளா நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை செய்யற மாதிரியே தெரியாது. இப்பதான்யா தெரியுது! என் ரூம்லயும் ஒண்ணு போட்டுடுங்க.”

போட்டார். பில் அச்சடிப்பது அன்றோடு நின்றது. மூன்றாம் மாடியிலிருந்து கம்ப்யூட்டர் பிரிவு இன்ஜினியரம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். ஒவ்வொரு மெஷினாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சூப்பரண்டிடம் திரும்பினார்.

“சார், கணக்குப் போடறது வேற, படம் காட்டறது வேற. நீங்க வச்சிருக்கற படத்தை வரையறதுக்கே மெஷினோட தெம்பெல்லாம் போயிடுது. அப்புறம் எங்கேருந்து கணக்குப் போடும்? படத்தை நிறுத்தினாலே கணக்கு வேகமா ஓடும்.”

சூப்பரண்டு பரிதாபமாகச் சிரித்தார். “படத்தை நிறுத்தினா எல்லாம் இருட்டாயிடுமேம்மா. அப்புறம் கல்லை எப்படித் தேடும்?”

இன்ஜினியரம்மா அலுவலகத்தின் எல்லா மெஷின்களிலிருந்தும் அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டுப் போனார். இந்தம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவது பழக்கம் இருக்குமோ என்று சூப்பரண்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

வருடக் கடைசி நெருங்கியது. இனி வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கதி. அதுவோ தொட்டால் கை சுடும் நிலையில் இருந்தது. வீட்டிலிருந்த மேசை விசிறிகளையெல்லாம் அதைச் சுற்றி வைத்தார். மனைவியும் மகளும் புழுக்கத்தில் வெந்தார்கள். அவரே ஓர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் தாங்குடா ராஜா” என்று கெஞ்சினார். கல் ஒரு தடவை பளிச்சென்று சுற்றியது. பிறகு ஒரு கருகல் வாடை வந்தது. திரை இருண்டது. அத்தோடு கதை முடிந்தது.

“போச்சே!” என்று சூப்பரண்டு தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் மனைவிக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. “விடுங்க. கல்லுதானே” என்று தோளைத் தட்டினாள்.

முடிவுகள் வந்தன. மகள் போனில் பார்த்துப் படித்தாள். குழுவில் முதலிடம், மாப்பிள்ளை. பதிந்திருந்த பெயரையே ஆராய்ச்சி நிலையம் அப்படியே எடுத்துக்கொண்டது. இனி உலகம் உள்ளவரை வானத்தில் ‘மாப்பிள்ளை’ என்று ஒரு கல் சுற்றும். அந்தப் பெயரைத் தன் கையாலேயே தட்டி வைத்ததை நினைத்து நினைத்துச் சூப்பரண்டு தன் விரல்களையே முறைத்துப் பார்த்தார்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்குள் இருந்த நல்ல மனிதர் ஒருவழியாக விழித்துக்கொண்டார். தோற்றது தோற்றதுதான், மனமார வாழ்த்திவிட்டு வருவோம், அப்படியே அந்த ரகசியத்தையும் கேட்டுக்கொள்வோம் என்று பழக்கூடையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தங்கை ஓடி வந்து பழக்கூடையை வாங்கிக்கொண்டாள்.

“என்னண்ணா, திடீர்னு பழமெல்லாம்?”

“அப்புறம் சொல்றேன்மா. முதல்ல உங்க கம்ப்யூட்டரைக் காட்டு. ராப்பகலா ஒரு வருஷம் உழைச்சிருக்கு. அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, படத்தை எப்படி வச்சிருக்கார்னு பார்த்துட்டுப் போறேன்.”

தங்கை அண்ணனை விநோதமாகப் பார்த்தாள்.

“படமா? நீ போட்டுக் குடுத்துட்டுப் போன அன்னைக்கே எங்களுக்குப் படம் நின்னுபோச்சுண்ணா! கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு இவரு திரையைக் கழட்டி வித்துட்டாரு. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை. பெட்டி மட்டும் அணைக்காம ஸ்டோர் ரூம்ல இருக்கு, பின்னாடி எந்நேரமும் சூடா காத்து வருதா, குழந்தைங்க சாக்ஸ் காயப்போட ரொம்ப வசதியா இருக்கு!”